ரெட்டிக் கவுண்ட் என்று ஒரு வரி: காய்ச்சல் பார்க்கும் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். நீங்கள் எழுதித் தரும் சீட்டை வாங்கிப் படித்து, நரம்பு தேடி, ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள் நான். டி.எம்.எல்.டி. என்ற லேப் டெக்னீஷியன் டிப்ளமோ முடித்து 19 வருடமாகத் திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊரில் லேப் வேலை. உங்களில் பலருடைய கையெழுத்து எனக்கு மனப்பாடம். மெடிக்கல் ஷாப்காரரே திணறும் சீட்டைக்கூட வாசித்துவிடுவேன். இத்தனை வருடத்தில் உங்களிடம் கேட்க நினைத்தும் கேட்காமல் விட்டவை நிறைய. லேப் பெண் டாக்டரிடம் யோசனை சொல்வது நம் ஊரில் வழக்கமில்லை அல்லவா? இப்போது ஒன்று கேட்கிறேன்: காய்ச்சலுக்குப் பின் மூச்சு வாங்குகிறவர்களுக்கு ரெட்டிக் கவுண்ட், அதாவது ரத்தத்தில் புதுச் சிவப்பணு எத்தனை என்று எண்ணும் டெஸ்ட், எழுதுங்கள். இப்படிக் கேட்க என் அக்காதான் காரணம்.

அக்காவுக்கு வயது 43. இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊரில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. போன வருடம் ஆடி மாதம் அவள் வகுப்பில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். சில பிள்ளைகளுக்குக் கன்னம் சிவந்திருந்ததாம், யாரோ அறைந்த மாதிரி. "எந்த டீச்சர் அடிச்சது" என்று ஒரு அப்பா சண்டைக்கே வந்துவிட்டார். அப்புறம் அக்காவுக்கும் காய்ச்சல் வந்தது. மூன்று நாள். கை விரல், மணிக்கட்டு, முழங்கால் எல்லாம் வலி. பார்த்த டாக்டர் சிக்குன்குனியா மாதிரி இருக்கிறது என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். அவர் மேல் தப்பில்லை. நம் ஊரில் காய்ச்சலோடு மூட்டு வலி வந்தால் நான்கூட முதலில் அப்படித்தான் நினைப்பேன்.

காய்ச்சல் விட்டது. வேலைக்குப் போனாள். ஒரு வாரம் கழித்து மாடி வகுப்புக்கு ஏற முடியவில்லை. நாலு படி ஏறி நின்று மூச்சு வாங்கினாள். வெயில்தான் காரணம் என்று அவளே சொல்லிக்கொண்டாள். அடுத்த இரண்டு நாளில் கால் வீங்கியது. செருப்பு வார் அழுத்திய தடம் பள்ளமாக நின்றது. ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறாள். மாமா பயந்துபோய்ப் பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தார். ஹீமோகுளோபின் 4.1.

"மாதவிலக்கு அதிகமா போகுதா?" என்று கேட்டார்கள். இந்த வயதில் எந்தப் பெண்தான் இல்லை என்பாள்? ரத்த சோகை என்று முடிவாகி, இரும்புச் சத்து டிரிப்ஸ் ஏறியது. மறுநாள் இன்னும் மூச்சுத் திணறல். எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகத் தெரிந்தது, நுரையீரலில் நீர். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தார்கள். பம்பிங், அதாவது ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 60 சதவீதம்.

மாமா எனக்குப் போன் போட்டு, "பம்பிங் 60தான் இருக்காம், 40 போயிடுச்சாம்" என்று அழுதார். (இதை நீங்கள் ஒவ்வொரு எக்கோவுக்கும் ஒரு வரியில் சொல்லிவிட்டால் புண்ணியமாகப் போகும்: நூறு சதவீதம் பம்பிங் என்று யாருக்கும் கிடையாது, 55-க்கு மேல் இருந்தாலே நல்ல இதயம். பரீட்சை மார்க் மாதிரி நினைத்துக்கொண்டு எத்தனை குடும்பம் ராத்திரி தூங்காமல் கிடக்கிறது தெரியுமா?) எனக்கு அந்த 60தான் இடித்தது. பம்பிங் சரியாக இருக்கிறது, ஆனால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. அப்படியென்றால் இதயத்தின் தசையில் கோளாறு இல்லை. ரத்தம் நீர்த்துப்போனதால், இருக்கிற கொஞ்சம் ஹீமோகுளோபினை வைத்துக்கொண்டு உடம்பு முழுக்க ஆக்சிஜன் கொண்டுபோய்ச் சேர்க்க, இதயம் இரண்டு மடங்கு ஓடிக் களைத்திருக்கிறது. நாடித் துடிப்பு 130. இதயச் செயலிழப்பு என்றால் எல்லாரும் பலவீனமான இதயத்தை நினைக்கிறோம். நல்ல இதயமும் ஓட்டத்தில் விழும்.

பஸ் பிடித்துப் போனேன். அங்கே லேபில் இருந்த தம்பி நல்ல பையன். ஊதா மூடி டியூப்பில் அக்காவின் ரத்தம் இன்னும் மிச்சம் இருந்தது. "நான் ஒரு ரெட்டிக் போட்டுப் பார்க்கட்டுமா?" என்றேன். அதற்கான சாயம், நியூ மெத்திலீன் புளூ பாட்டில், அலமாரியின் பின்வரிசையில், மூடியில் தூசி படிந்து கிடந்தது. யாரும் கேட்பதில்லை என்றான். எங்கள் லேபிலும் அதே கதைதான்.

டாக்டர்களே, உங்களுக்குத் தெரியாததைச் சொல்லவில்லை; படிக்கும் காலத்தில் படித்ததுதான், ஞாபகப்படுத்துகிறேன். எலும்பு மஜ்ஜையில் இருந்து புதிதாக வெளியே வரும் சிவப்பணு ஓரிரு நாளைக்கு உள்ளே கொஞ்சம் ஆர்.என்.ஏ. மிச்சத்தோடு சுற்றும். இரண்டு சொட்டு ரத்தம், இரண்டு சொட்டுச் சாயம், 37 டிகிரியில் கால் மணி நேரம், அப்புறம் ஸ்லைடில் இழுத்து எண்ணெய் லென்ஸில் பார்த்தால் அந்தப் புது அணுக்களுக்குள் மட்டும் கருநீல நூல் சிக்கு மாதிரி தெரியும். கோலப்பொடி சிந்திய மாதிரி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த அம்மா சொல்வார். ஆயிரம் சிவப்பணு எண்ணினால் நலமானவருக்கு ஐந்திலிருந்து இருபத்தைந்து வரை அப்படி இருக்கும். ஹீமோகுளோபின் 4-க்கு இறங்கியவருக்கு, மஜ்ஜை உயிரோடு இருந்தால், நூறு, நூற்றைம்பதுகூட இருக்க வேண்டும். ரத்தம் வெளியே போனாலும் சரி, உள்ளேயே உடைந்தாலும் சரி, மஜ்ஜை ஓவர்டைம் பார்க்கும்.

அக்காவுக்கு ஆயிரம் எண்ணினேன். ஒன்று. கண் சரியில்லையோ என்று இன்னொரு ஸ்லைடு இழுத்து இன்னொரு ஆயிரம் எண்ணினேன். அதில் அதுவும் இல்லை.

ஆலையில் உற்பத்தியே நின்றிருக்கிறது. இரும்பு இறக்கி என்ன பயன்? சாதாரண ஸ்மியரை, அதாவது ஸ்லைடில் மெல்லிசாக இழுத்த ரத்தத்தை, பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. சிவப்பணுக்கள் நடுவில் வெளிறி, வடை மாதிரி இருக்க வேண்டியவை, பல இடங்களில் குட்டியாக, அடர்த்தியாக, குண்டு மணி மாதிரி உருண்டிருந்தன. ஸ்ஃபீரோசைட், உருண்டை அணு. பரம்பரையாக வரக்கூடியது, சீக்கிரம் உடையும்; உடைந்ததின் மஞ்சள் கண்ணில் தெரியும், பித்தப்பையில் கல்லாகவும் சேரும். அப்போதுதான் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே கண் லேசாக மஞ்சளாக இருக்கும். அப்பாவுக்கும் அப்படித்தான், "பித்த உடம்பு" என்று பாட்டி சொல்லி, வீடே அதை நம்பியது. அக்காவுக்கு 27 வயதில் பித்தப்பைக் கல் ஆபரேஷன். அவ்வளவு சின்ன வயதில் ஏன் கல் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

யாரும் கேட்கவில்லை என்று மற்றவர்களைச் சொல்லி நான் தப்பிக்க முடியாது. மூன்று வருடம் முன்பு அக்கா எங்கள் ஊருக்கு வந்திருந்தபோது நானே அவளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 9.8, எம்.சி.எச்.சி. (சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு அடர்த்தி என்ற எண்) 37. அந்த எண் 36-ஐத் தாண்டினால் ஸ்மியர் பார்க்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் என்ன செய்தேன்? மெஷின் கோளாறு என்று நினைத்து, வாஷ் போட்டு மறுபடி ஓட்டினேன். மறுபடியும் 37. "மெஷினுக்குச் சர்வீஸ் பண்ணணும்" என்று சொல்லிவிட்டு, அவளுக்கு முருங்கைக்கீரை சாப்பிடச் சொன்னேன்.

சரி, உற்பத்தியை நிறுத்தியது யார்? வகுப்பில் கன்னம் சிவந்த பிள்ளைகளிடமிருந்து வந்த வைரஸ். பார்வோவைரஸ் பி19. பார்வோ என்றதும் நம் ஆட்களுக்கு நாய்க்குட்டி ஞாபகம் வரும். குட்டி வாங்கி வளர்க்கிற எல்லாருக்கும் அந்தப் பெயர் தெரியும். மாமாகூட, "வீட்டில நாயே இல்லையே" என்றார். அது வேறு, இது வேறு. நாயுடையது மனிதருக்கு வராது, மனிதருடையது நாய்க்குப் போகாது. பெயர்தான் குடும்பப் பெயர்.

இந்த வைரஸ் கிடைத்த கதையே எங்களை மாதிரி லேப் ஆட்களுக்குப் பிடித்த கதை. 1970-களின் நடுவில் லண்டனில் யுவோன் காசர்ட் என்ற ஆஸ்திரேலிய வைரஸ் ஆய்வாளர், மஞ்சள் காமாலை பி வைரஸுக்காக ரத்த மாதிரிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒரு மாதிரியில் எதிர்பாராத விடை வந்தது. மெஷின் கோளாறு என்று ஒதுக்காமல் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்திருக்கிறார். அதுவரை யாரும் காணாத குட்டி வைரஸ். பி வரிசையில் 19-வது மாதிரி, அதனால் பி19. 1975-இல் அதை வெளியிட்டபோது அது என்ன நோய் தரும் என்றே தெரியாது. 1981-இல் லண்டனில் அரிவாள் செல் சோகை (சிவப்பணு அரிவாள் மாதிரி வளையும் பரம்பரை நோய்) உள்ள பிள்ளைகளுக்குத் திடீரென்று ரத்தம் இறங்கியபோதுதான், காரணம் இந்த வைரஸ் என்று பிடித்தார்கள். கன்னம் சிவக்கும் பிள்ளைக் காய்ச்சலும் இதே வைரஸால்தான் என்பது அதற்கும் பிறகு, 1983-இல்.

இது எல்லா அணுவுக்குள்ளும் புகுந்து பெருகாது. மஜ்ஜையில் சிவப்பணுவாக வளர்ந்துகொண்டிருக்கும் இளம் அணுக்கள்தான் அதற்கு விளைநிலம். அவற்றில் பெருகி அவற்றையே அழிக்கும். பி ஆன்டிஜென் என்று ஒன்று சிவப்பணுவின் மேல் இருக்கிறது. மிக அரிதாக அது இல்லாமல் பிறப்பவர்கள் உண்டு. அவர்களை இந்த வைரஸ் தொடுவதேயில்லை. மற்ற எல்லாருக்கும் தொற்றியதும் ஏழெட்டிலிருந்து பத்து நாள்வரை சிவப்பணு உற்பத்தி ஏறக்குறைய நிற்கும். 1985-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நலமான தன்னார்வலர்களுக்கு மூக்கு வழியாக இந்த வைரஸைக் கொடுத்தே பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கும் ரெட்டிக் தரைக்கு வந்துவிட்டது.

அப்புறம் ஏன் எல்லாரும் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை? கணக்கு எளிது. நலமானவரின் சிவப்பணுவுக்கு ஆயுள் 120 நாள். உற்பத்தி பத்து நாள் நின்றால் பன்னிரண்டில் ஒரு பங்குதான் குறையும். 12 இருந்த ஹீமோகுளோபின் 11 ஆகும். யாருக்கும் தெரியாது. அக்கா மாதிரி உருண்டை அணுக்காரர்களுக்கோ அணுவின் ஆயுள் இருபது நாளோ என்னவோதான். மஜ்ஜை ஆறு மடங்கு வேலை செய்துதான் 9-லேயே நிறுத்தி வைத்திருக்கிறது. அங்கே பத்து நாள் கதவடைப்பு என்றால் பாதி காலி. 9 இருந்தது நாலரைக்கு வரும். அவளுக்கு 4.1. தினக்கூலிக்காரர் வீட்டில் பத்து நாள் வேலை இல்லாமல் போனால் என்ன ஆகுமோ அதுதான் இது. சேமிப்பு உள்ள வீடு சமாளித்துவிடும்.

ஆக, யாருக்கெல்லாம் சேமிப்பு இல்லை என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும். உருண்டை அணு, அரிவாள் அணு, தலசீமியா, எதனாலோ ரத்தம் உடைந்துகொண்டே இருப்பவர்கள். இன்னொரு கூட்டம், வைரஸை விரட்ட எதிர்ப்பு சக்தி போதாதவர்கள்: கிட்னி மாற்றிக்கொண்டு அதற்கான மாத்திரை சாப்பிடுபவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள். இவர்களுக்குப் பத்து நாளில் முடியாது. மாதக் கணக்கில் வைரஸ் மஜ்ஜையிலேயே குடியிருக்கும். மாதா மாதம் ரத்தம் ஏற்றுவார்கள், ஏன் என்று தெரியாமலே. கிட்னி மாற்றியவருக்கு ஹீமோகுளோபின் குறைந்தால் கிட்னியைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். அந்த இடத்தில் ரெட்டிக் பூஜ்யம் என்று ஒரு விடை வந்தால் கதையே மாறும். அவர்களுக்கு இம்யூனோகுளோபுலின் என்ற ஆன்டிபாடி மருந்து ஏற்றினால் மஜ்ஜை மறுபடி எழுந்துகொள்ளும். ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இப்படி எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு, புதுத் தொற்றைக் காட்டும் ஐ.ஜி.எம். ஆன்டிபாடி டெஸ்ட் நெகடிவ் என்று வந்தாலும் நம்பக் கூடாது, உடம்பு ஆன்டிபாடியே செய்திருக்காது. அவர்களுக்கு வைரஸின் மரபுப் பொருளையே தேடும் பி.சி.ஆர். தான் கேட்க வேண்டும். இதைச் சொல்ல நான் யார் என்று நினைக்காதீர்கள், நெகடிவ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது நாங்கள்தானே.

அரிவாள் செல் என்றதும் ஆப்பிரிக்கா என்று தள்ளிவிடவும் முடியாது. நம் நீலகிரியின் பழங்குடி மக்களிடம் அந்த மரபணு இருப்பதை 1952-லேயே எழுதியிருக்கிறார்கள். இந்தியாவில் அரிவாள் அணுவைப் பற்றி வந்த முதல் தகவல்களில் அதுவும் ஒன்று. 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியபோது, 17 மாநிலங்களில் ஏழு கோடிப் பேரைச் சோதிப்பது என்று இலக்கு வைத்தார்கள். சோதித்து அட்டை கொடுப்பது நல்லதுதான். அந்த அட்டையின் பின்பக்கத்தில் "காய்ச்சலுக்குப் பின் மூச்சு வாங்கினால் உடனே ஹீமோகுளோபினும் ரெட்டிக்கும் பார்க்கவும்" என்று ஒரு வரி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. சில வைரஸ் ரத்தத்தைச் சுற்றிக்கொண்டு வராது, நேராக இதயத்துக்கே போகும். இரண்டு வருடம் முன்பு ஒரு பையன், 28 வயது, சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன், எங்கள் லேபுக்கு வந்தான். ஐந்து நாள் முன்பு வைரல் ஃபீவர், இப்போது நெஞ்சு வலி, மூச்சும் வாங்குகிறது. கேஸ் என்று மாத்திரை சாப்பிட்டிருந்தான். டாக்டர் சந்தேகப்பட்டு ட்ரோபோனின் கார்டு (இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் பொருளைக் காட்டும் டெஸ்ட்) எழுதியிருந்தார். ஒரு கோடு வந்தால் நெகடிவ், இரண்டு வந்தால் பாசிடிவ். கார்டில் ரத்தம் விட்டுவிட்டு அவனிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தேன். இரண்டாவது கோடு மெதுவாக, பென்சிலில் கிழித்த மாதிரி எழும்பியது. பீடிகூடக் குடிக்காத பையன். மதுரைக்கு அனுப்பினார்கள். ஆஞ்சியோவில் அடைப்பே இல்லை. எக்கோவில் பம்பிங் 35. எம்.ஆர்.ஐ. எடுத்து மயோகார்டைடிஸ், இதயத் தசை அழற்சி என்றார்கள். அவன் ஹீமோகுளோபின் 15, ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை.

காக்சாக்கி பி, அடினோ, இன்ஃப்ளூயன்சா, கொரோனா, நம் டெங்கு, எல்லாமே இந்த வேலையைச் செய்யக்கூடியவை. பார்வோ பி19-உம் அந்தப் பட்டியலில் உண்டு. அது பெரும்பாலும் இதயத் தசை அணுக்களுக்குள் போவதில்லை, தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய குழாய்களின் உள்சுவரில் உட்காரும். அதனால்தான் அச்சு அசல் மாரடைப்பு மாதிரியே நெஞ்சு வலிக்கும். இதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒரு வழக்கும் நடக்கிறது. இதய நோயே இல்லாமல் வேறு காரணத்தால் இறந்தவர்களின் இதயத் தசையிலும் பி19-இன் மரபுப் பொருள் கிடைக்கிறது. சின்ன வயதில் வந்து போன தொற்றின் மிச்சம் அது. அதனால் தசையில் வைரஸ் கிடைத்த மாத்திரத்திலேயே குற்றவாளி இதுதான் என்று தீர்ப்பு எழுத முடியாது. நியாயமான வாதம். சோகை விஷயத்தில் இப்படி வழக்கே கிடையாது. ரெட்டிக் பூஜ்யம், ரத்தத்தில் வைரஸ் ஏராளம் என்றால் கையும் களவுமாகப் பிடித்த மாதிரிதான்.

அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான். ஆறு மாதம் மூட்டை தூக்கக் கூடாது, ஓடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மூட்டை தூக்காமல் சரக்கு ஆட்டோவில் என்ன வேலை? தம்பியை உட்காரவைத்து இவன் பக்கத்தில் உட்கார்ந்து போனான். இப்போது பம்பிங் 55. ஊரில் அவனுக்கு "பம்பிங்" என்றே பட்டப்பெயர்.

இரண்டு பேருக்கும் வந்தது ஒரே புகார்தான். காய்ச்சல் விட்டுச் சில நாளில் மூச்சு வாங்குகிறது. ஒருத்திக்கு இதயம் நன்றாக இருந்து ரத்தம் போனது, ஒருவனுக்கு ரத்தம் நன்றாக இருந்து இதயம் அடிபட்டது. வைத்தியம் நேர் எதிர். இதை எக்ஸ்ரேயைப் பார்த்துப் பிரிக்க முடியாது, இரண்டிலும் இதயம் பெரிதாகத்தான் தெரியும். சி.பி.சி. (ரத்த அணுக்களை எண்ணும் வழக்கமான டெஸ்ட்), ரெட்டிக், ஈ.சி.ஜி., ட்ரோபோனின், எக்கோ என்று எடுத்தால் ஒரு பொழுதில் பிரிந்துவிடும். முதல் நான்கும் எங்கள் சின்ன ஊரிலேயே நடக்கும்.

ஆனால் டெங்கு சீசனில் என்ன நடக்கிறது? ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லார் கண்ணும் நேராகக் கீழே, பிளேட்லெட் வரிக்குப் போகும். நோயாளி, நோயாளியின் மச்சான், உங்கள் கம்பவுண்டர், நீங்கள். ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போனால் பப்பாளி இலைச் சாறு. மேலே இருக்கும் ஹீமோகுளோபின் வரியை யாரும் பார்ப்பதில்லை. பார்வோவிலும் பிளேட்லெட் கொஞ்சம் இறங்கும், வெள்ளை அணுவும் இறங்கும். டெங்கு டெஸ்ட் நெகடிவ் வந்தாலும் "டெங்கு மாதிரி" என்ற பெயரில் நாள் ஓடிவிடும். டெங்குவில் நீர் கசிந்து ரத்தம் கெட்டியாவதால் ஹீமோகுளோபின் ஏறுவதுதான் வழக்கம். ரத்தக் கசிவும் இல்லாமல் அது இறங்குகிறது என்றால் அங்கேயே ஒரு கேள்வி எழ வேண்டாமா?

நீங்கள் ஏன் முதலில் இரும்பு எழுதுகிறீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15-லிருந்து 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். பத்துப் பேருக்கு இரும்பு எழுதினால் பெரும்பாலோருக்குச் சரியாகத்தான் இருக்கும். தினம் எண்பது பேர் பார்க்கும் கிளினிக்கில் மீதிப் பேரைத் தேட நேரம் ஏது? ஆனால் இரும்புக் குறைவு ஒரு வாரத்தில் ஆளைச் சாய்க்காது. அது மாதக் கணக்கில், சத்தமில்லாமல் இறங்குவது. ரிப்போர்ட்டிலேயே தெரியும்: அணுவின் அளவு, எம்.சி.வி., 80-க்குக் கீழே, 65, 70 என்று சுருங்கியிருக்கும். அக்காவுக்கு அது 84. எங்களிடம் இருக்கும் செல் கவுண்டர் மெஷின்கள் இந்த எண்ணையெல்லாம் அழகாக அச்சடித்துத் தரும். ரெட்டிக் மட்டும் தராது. நீங்கள் எழுதினால்தான் நாங்கள் கையால் எண்ணுவோம். எழுதாததை நாங்களாக எண்ணிக் காசு கேட்டால் நோயாளி சண்டைக்கு வருவார், நீங்களும் முகம் சுளிப்பீர்கள்.

அக்கா கதையை முடித்துவிடுகிறேன். அந்த ஸ்லைடை நர்சிங் ஹோம் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முதலில் கோபப்பட்டார். அப்புறம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தார், ரொம்ப நேரம். நிமிர்ந்தவர் ஒன்றும் சொல்லாமல் இரும்பு டிரிப்ஸைக் கழற்றச் சொல்லிவிட்டு, மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பச் சீட்டு எழுதினார். அந்தக் கையெழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. அங்கே ரத்தம் ஏற்றினார்கள், அவசரப்படாமல். ஒரு பை, நான்கு மணி நேரம், கூடவே நீர் பிரியும் ஊசி. ஏற்கெனவே திணறும் இதயத்தில் மூன்று பையை மளமளவென்று ஏற்றியிருந்தால் நுரையீரல் நிரம்பியே ஆள் போயிருப்பாள் என்று ட்யூட்டி டாக்டர் மாமாவிடம் சொன்னாராம். அதை ஏன் மாமாவிடம் சொன்னாரோ, அவர் அன்று சாப்பிடவேயில்லை. பார்வோ ஐ.ஜி.எம். சென்னைக்கு அனுப்பி ஐந்தாம் நாள் பாசிடிவ் என்று வந்தது. அதற்குள் அவளே பாதி எழுந்துவிட்டாள். ஒன்பதாம் நாள் நான் எண்ணிய ஸ்லைடில் ஆயிரத்துக்கு நூற்று நாற்பது. லென்ஸை எங்கே நகர்த்தினாலும் நீல நூல் சிக்கு. வைரஸுக்கு மருந்து எதுவும் கொடுக்கவில்லை. அவளுடைய உடம்பே ஆன்டிபாடி செய்து விரட்டியது. பத்து நாள் உயிரைப் பிடித்து வைத்திருக்க வேண்டியது மட்டுமே வைத்தியம். ஒரு தடவை வந்தவருக்கு இது பொதுவாக மறுபடி வருவதில்லை. அவள் மகனுக்கும் ஸ்மியர் பார்த்தேன். அவனுக்கும் குண்டு மணிதான். இந்த முறை மெஷினைத் திட்டவில்லை.

இது அபூர்வம், ஆயிரத்தில் ஒன்று என்று சொல்வீர்கள். அக்கா மாதிரி ஆவது அபூர்வம்தான். வைரஸ் அபூர்வமில்லை. நாற்பது வயதுக்குள் மனிதர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதைச் சந்தித்துவிடுகிறார்கள். 2024 ஆகஸ்டில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் நாட்டு டாக்டர்களுக்கு இதைப் பற்றித் தனியாக எச்சரிக்கை அனுப்பியது. ஐரோப்பாவிலும் அந்த ஆண்டு அலையாக அடித்தது. தடுப்பூசி இன்னும் இல்லை. நம் பிள்ளைகளின் மாநிறக் கன்னத்தில் அந்தச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, அதனால் வந்ததும் போனதும் தெரியாமல் போகிறது. கன்னம் சிவக்கும்போது பிள்ளை பெரும்பாலும் பரப்பும் கட்டத்தைத் தாண்டியிருக்கும், அதற்காகப் பள்ளியை மூடவும் வேண்டாம். கர்ப்பமாக இருக்கும் டீச்சர்களுக்கு மட்டும் மகப்பேறு டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். வயிற்றுப் பிள்ளைக்கும் இதே கதைதான் நடக்கும்: ரத்தம் இறங்கி, அந்தக் குட்டி இதயம் திணறி, உடம்பெல்லாம் நீர் கோத்துவிடும்.

நான் கேட்பது உங்கள் சீட்டில் ஒரு வரி. வயது வந்தவர் ஒருவர் காய்ச்சல் விட்டபின் மூச்சு வாங்குகிறது என்று வந்தால், ஹீமோகுளோபின் குறைந்திருந்தால், சி.பி.சி.-க்குக் கீழே ரெட்டிக் என்றும் எழுதுங்கள். மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை. காலையில் எடுத்த ஊதா மூடி டியூப்பை நாங்கள் அன்று முழுக்க வைத்திருப்போம். எழுத மறந்து, ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போது ஞாபகம் வந்தாலும் போன் பண்ணுங்கள். சாயம் புது பாட்டில் வாங்கி முன்வரிசையில் வைத்திருக்கிறேன். எண்ண இருபது நிமிஷம் ஆகும்.

இப்படிக்கு,
உங்கள் சீட்டுகளைப் படிக்கும் லேப் அக்கா ஒருத்தி